டஸ்கலூசாவில் ஒரு சலூன்: ரெட்டைச் சுழியும் அணி தோற்ற வாரமும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கும் டஸ்கலூசாவுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் முதல் வாரம் இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். இரண்டாம் வாரம் முடி எங்கே வெட்டுவது என்று கேட்பார்கள். பக்கத்தில் வான்ஸ் என்ற ஊரில் இருக்கும் மெர்சிடிஸ் தொழிற்சாலையை நம்பி, அதற்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளுக்குச் சென்னையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நானும் அப்படி ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்தவன்தான். முதல் கேள்விக்கு ஒரே நாளில் பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரப் பெரியவர் கேட்டுக்கொண்டார். வருகிறவர்களுக்கே நாற்காலி போதவில்லை என்றார். ஊரின் மேற்குப் பக்கம், ஸ்டில்மன் கல்லூரியிலிருந்து நடந்து போகும் தூரம். வேண்டும் என்பவர்கள் தனியாகக் கேளுங்கள், வழி சொல்கிறேன்.

என் மகனுக்கு ஏழு வயது, உச்சியில் ரெட்டைச் சுழி. ரெட்டைச் சுழிக்காரன் சேட்டைக்காரன் என்று என் அம்மா சொல்வார். சேட்டை இருக்கட்டும், அந்த முடியை வெட்டுவதுதான் பெரும்பாடு. ஒரு தடவை நிறைய கிளைகள் உள்ள ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த பெண் மெஷினை எடுத்து நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் ஒரே அளவில் ஓட்டிவிட்டார். எட்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. மறுநாள் காலை உச்சியில் இரண்டு கொத்து முடி கோரைப்புல் மாதிரி நிமிர்ந்து நின்றது. எண்ணெய் வைத்தும் படியவில்லை. பள்ளியில் யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாரம் பையன் தொப்பியைக் கழற்றவே இல்லை. வகுப்பில் தொப்பி போடக் கூடாது என்று டீச்சர் சொன்னதும் வீட்டுக்கு வந்து அழுதான். அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு என்னோடு வேலை செய்யும் ஒருவர்தான் இந்தச் சலூனைச் சொன்னார். "போய் உட்கார். அவர் எப்போது கூப்பிடுகிறாரோ அப்போது எழுந்திரு. அவசரப்படுத்தாதே."

2024 ஆகஸ்ட் நடுவில் முதல் தடவை போனோம். சுழலும் நாற்காலி இரண்டு. ஒன்றில் பெரியவர், வயது 68. இன்னொன்றில் அவருடைய அக்கா மகன், பத்தொன்பது வயதுப் பையன், தொழில் கற்றுக்கொண்டிருக்கிறான். சுவரோரம் ஆறு இரும்பு நாற்காலிகள். மேலே ஒரு சின்ன டிவி. சவ அடக்க நிலையம் ஒன்று இலவசமாகக் கொடுத்த காலண்டர். கட்டம் போட்ட தொப்பியோடு, அலபாமா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் பழைய பயிற்சியாளர் பேர் (Bear) பிரையன்ட் படம். அதற்குக் கீழே 1971 அலபாமா அணியின் படம், சட்டம் போட்டது. உள்ளே நுழைந்ததும் டால்கம் பவுடரும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசம். கண்ணை மூடிக்கொண்டால் அம்பத்தூரில் நான் சின்ன வயதில் போன சலூனேதான். அங்கே தினத்தந்தி மடியில் இருக்கும், இங்கே டிவியில் விளையாட்டுச் செய்தி. பேச்சின் சூடு இரண்டு இடத்திலும் ஒன்று.

பெரியவர் பையனை உட்காரவைத்துக் கத்தரியைத் தொடவே இல்லை. உள்ளங்கையை உச்சியில் வைத்தார். தண்ணீர் தெளித்து, கட்டைவிரலால் முடியை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். ஒரு சுழி வலப்பக்கம் சுற்றுகிறது, மற்றது இடப்பக்கம், நடுவில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன என்று எனக்குக் காட்டினார். ஏழு வருடமாகப் பார்க்கும் தலை. நான் அதைக் கவனித்ததே இல்லை. பக்கவாட்டில் மட்டும் மெஷின், மேலே சீப்பை வைத்துக் கத்தரி. சுழி இருக்கும் இடத்தை அவர் தொடவில்லை. "இதை யாரோ அடியோடு வெட்டியிருக்கிறார்கள். இப்போது நான் சரிசெய்யப் போனால் இன்னும் நிமிரும். வளரவிடு. இரண்டு மூன்று தடவை ஆகும். நடுவில் வேறு யாரிடமும் போகாதே" என்றார். முப்பத்தைந்து நிமிடம். பையனுக்கு 15 டாலர், எனக்கு 22. காசு மட்டும்தான், கார்டு கிடையாது.

சரி, சலூன் விமர்சனத்தில் கால்பந்து எதற்கு என்று கேட்பீர்கள். அலபாமாவில் இலையுதிர்காலத்தில் முடி வெட்டிக்கொண்டவர்களுக்குக் காரணம் தெரியும். நான் சொல்வது அமெரிக்கக் கால்பந்து, அதிலும் கல்லூரிக் கால்பந்து. அலபாமா பல்கலைக்கழகத்தின் பிரையன்ட்-டென்னி அரங்கில் ஒரு லட்சத்துச் சொச்சம் இருக்கைகள். டஸ்கலூசாவின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். நிக் சேபன் இந்த அணிக்கு 2007 முதல் பதினேழு சீசன் பயிற்சியாளராக இருந்து, 2009, 2011, 2012, 2015, 2017, 2020 என்று ஆறு தேசியப் பட்டங்கள் வாங்கிக்கொடுத்தார். 2024 ஜனவரி 10-ஆம் தேதி ஓய்வு என்று சொல்லிவிட்டார். இரண்டே நாளில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து கேலன் டிபோரைக் கொண்டுவந்தார்கள். தெற்கு டகோடாக்காரர். சூ ஃபால்ஸ் என்ற சின்னக் கல்லூரியில் 67 வெற்றி, 3 தோல்வி, மூன்று பட்டம். வாஷிங்டனில் இரண்டு வருடத்தில் 25 வெற்றி, 3 தோல்வி. அதில் கடைசித் தோல்வி தேசிய இறுதி ஆட்டம்.

சேபன் மைதான ஓரத்தில் நின்று கத்துவார், ஹெட்செட்டைப் பிடுங்கி எறிவார். டிபோர் குரலை உயர்த்துவதே இல்லை. செப்டம்பர் 7 அன்று, அவருடைய இரண்டாவது ஆட்டத்தின்போது, மைதானத்துக்கே சேபன் பெயரை வைத்தார்கள். வெளியே சேபனுக்குச் சிலை, உள்ளே புல்தரையில் சேபன் பெயர், அதன்மேல் நின்றுதான் இந்த மனிதர் வேலை பார்க்க வேண்டும். அன்றைக்கே எனக்கு அவர்மேல் ஒரு பரிவு வந்துவிட்டது. நானும் ஊர்விட்டு ஊர் வந்து, இன்னொருவர் இருபது வருடம் பார்த்த வேலையில் உட்கார்ந்தவன்.

செப்டம்பர் 28 அன்று ஜார்ஜியாவை 41-34 என்று ஜெயித்தார்கள். பதினேழு வயது ரயன் வில்லியம்ஸ் 75 கெஜப் பாஸைப் பிடித்துப் போட்ட டச்டவுனை, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்ததை, தெருவே நின்று கொண்டாடியது. நாட்டின் முதலிடம் கிடைத்தது. அடுத்த சனிக்கிழமை, அக்டோபர் 5, நாஷ்வில்லில் வாண்டர்பில்ட்டிடம் 40-35 என்று தோற்றார்கள். வாண்டர்பில்ட் படிப்புக்குப் பேர்போன இடம், இந்த விளையாட்டில் காலம் காலமாகக் கடைசி வரிசை. முதல் ஐந்து இடத்தில் இருக்கும் அணியை அதுவரை அறுபது முறை சந்தித்து அறுபதிலும் தோற்றவர்கள். ஜெயித்த மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி, ஊர் நடுவே தூக்கிக்கொண்டு போய் கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டார்கள். எங்கள் தெருவில் அன்று ராத்திரி ஒரு நாய் குரைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பையனை இரண்டாம் முறை கூட்டிப்போனேன். நம்மூரில் செவ்வாய் சலூனுக்கு விடுமுறை. இங்கே ஞாயிறும் திங்களும்தான் விடுமுறை. ஆறு நாற்காலியும் நிறைந்து இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு முடி வெட்டும் அவசியமே இல்லை, பார்த்தாலே தெரிந்தது. பேசுவதற்காக வந்தவர்கள்.

அக்கா மகன்தான் கொதித்துக்கொண்டிருந்தான். வருடத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்குகிற மனிதர், தோற்றுவிட்டு எப்படி அவ்வளவு சாந்தமாக நிற்கிறார் என்று கேட்டான். அனுப்பிவிட வேண்டும் என்றான். ஐந்தாவது ஆட்டம்தான் முடிந்திருக்கிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சேபன் வந்தபோது அவனுக்கு இரண்டு வயது. 2008-க்குப் பிறகு ஒரு சீசனில் மூன்று ஆட்டத்துக்கு மேல் அலபாமா தோற்று அவன் பார்த்ததே இல்லை. பசி தெரியாமல் வளர்ந்த பிள்ளைக்கு ஒருவேளை சோறு தாமதமானால் வருகிற கோபம் அது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லாரி ஓட்டும் ஒருவர் நிதானமாகப் பேசினார், அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. "தோற்றதுகூடப் பரவாயில்லை. அறுபது நிமிட ஆட்டத்தில் நாற்பத்திரண்டு நிமிடம் பந்து அவர்களிடம் இருந்தது. பதினெட்டு தேர்டு டவுனில் பன்னிரண்டு முறை வேண்டிய தூரத்தைத் தாண்டினார்கள்." தெரியாதவர்களுக்கு: பத்து கெஜம் போக நான்கு வாய்ப்பு உண்டு. மூன்றாவதில் தடுத்துவிட்டால் பெரும்பாலும் பந்து கைமாறும். அங்கே தடுக்க முடியவில்லை என்றால் தற்காப்பில் ஓட்டை என்று அர்த்தம். வாண்டர்பில்ட்டின் டியாகோ பாவியா என்ற குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன், இருபது முறை எறிந்து பதினாறை இலக்கில் சேர்த்தான். சேபன் போனதும் விதிப்படி வீரர்களுக்கு வேறு கல்லூரிக்கு மாற முப்பது நாள் அவகாசம் கிடைத்தது. பின்தற்காப்பின் தூணாக இருந்த கேலப் டவுன்ஸ் ஓஹாயோ ஸ்டேட்டுக்குப் போய்விட்டான். தூணை எடுத்த வீட்டில் புது ஆள் குடிவந்திருக்கிறார்.

"சேபன் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா?" என்று அக்கா மகன் கேட்டான்.

பெரியவர் என் மகனின் காதோரத்தில் சவரக்கத்தி வைத்திருந்தார். கத்தியை எடுத்துத் துணியில் துடைத்தார். பிறகு ஒரே ஒரு பெயரைச் சொன்னார்: "லூசியானா-மன்ரோ."

வயதானவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பையன்களுக்குப் புரியவில்லை. 2007 நவம்பர் 17, சேபனின் முதல் வருடம், சொந்த மைதானத்தில், லூசியானா-மன்ரோ என்ற சின்ன அணியிடம் 21-14 என்று தோல்வி. அந்த சீசன் 7 வெற்றி, 6 தோல்வி. "அன்றைக்கும் இந்த நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்து இதையேதான் பேசினார்கள்" என்றார் பெரியவர். அடுத்த வருடம் வழக்கமான சீசனில் பன்னிரண்டு ஆட்டம், பன்னிரண்டும் வெற்றி. அதற்கடுத்த வருடம் பட்டம்.

அப்புறம் கத்தரியை எடுத்துக்கொண்டு, வெட்டிக்கொண்டே சொன்னார். வாண்டர்பில்ட்டிடம் தோற்றதை அவர் வாழ்நாளில் மூன்று முறை பார்த்துவிட்டார். 1969-இல் அவருக்குப் பதின்மூன்று வயது, 14-10. தோற்றது பேர் பிரையன்ட்டேதான். அந்த வருடம் 6 வெற்றி, 5 தோல்வி. அடுத்த வருடமும் அதே கதை. கிழவருக்கு வயதாகிவிட்டது, போகச் சொல்லுங்கள் என்றார்களாம். 1971-இல் பிரையன்ட் ஆட்டமுறையையே மாற்றி, வழக்கமான சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்தார். அந்த அணியில்தான் ஜான் மிட்செல், வில்பர் ஜாக்சன் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்கள் ஆடினார்கள். அலபாமா சட்டையில் கறுப்பினத்தவர் களம் இறங்கியது அதுதான் முதல் முறை. சுவரில் இருக்கும் படம் அதற்காகத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெரியவருக்கு ஏழு வயதானபோது, 1963-இல், கறுப்பின மாணவர்கள் உள்ளே வரக் கூடாது என்று மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் இதே பல்கலைக்கழகத்தின் வாசலில் போய் நின்றார். "இந்த அணியை என் அணி என்று சொல்ல நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் தெரியுமா? ஒரு சனிக்கிழமைக்காக எழுந்து போய்விடுவேனா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. கடையில் யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டாவது முறை 1984, 30-21. பிரையன்ட்டுக்குப் பின் வந்த ரே பெர்கின்ஸின் இரண்டாவது வருடம். 5 வெற்றி, 6 தோல்வி. 1957-க்குப் பிறகு அலபாமா பார்த்த முதல் நஷ்ட சீசன். பெர்கின்ஸுக்கு அடுத்து வந்தவர் பில் கரி. 1988-இல் ஒரு தோல்விக்குப் பிறகு யாரோ அவர் அலுவலக ஜன்னலில் செங்கல் எறிந்தார்கள். "அதைத்தான் நான் மறக்கவில்லை. ஆட்டத்தை மறந்துவிட்டேன், செங்கலை மறக்கவில்லை." அடுத்து 1990-இல் ஜீன் ஸ்டாலிங்ஸ். முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. செங்கல் எறிந்த கை அன்றைக்குச் சும்மா இருந்தது, 1992-இல் பட்டம் வந்தது. அரங்குக்கு வெளியே நிற்கும் ஐந்து சிலைகளில் ஒன்று அவருடையது.

நான் பொதுவாக அங்கே வாய் திறப்பதில்லை. அன்றைக்குப் பேசினேன். என் வேலை தரக்கட்டுப்பாடு. புது மாடலுக்கு லைன் போட்டால் முதல் சில வாரம் ஸ்க்ராப், அதாவது தேறாமல் கழித்துப்போடும் பாகங்கள், ஏறத்தான் செய்யும். அந்த நேரத்தில் மேலே இருப்பவர்கள் ஆளை மாற்று என்பார்கள். ஆளை மாற்றினால் புது ஆள் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும், ஸ்க்ராப் இன்னும் ஏறும். எந்த இடத்தில் பிசகுகிறது என்று பார்த்து அதை மட்டும் சரிசெய்ய வேண்டும். தேர்டு டவுனில் பிசகு என்றால் தேர்டு டவுனைப் பாருங்கள் என்றேன். லாரிக்காரர் சிரித்துவிட்டு, "இந்தத் தம்பியைக் கோச்சுக்கு உதவியாக அனுப்பலாம்" என்றார். ஊருக்கு வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் இந்த ஊர்க்காரன் மாதிரி உணர்ந்தேன்.

இதற்கிடையில் பையனின் முடி. சுழியில் இருந்த கொத்து ஒரு அங்குலம் வளர்ந்திருந்தது, ஆனாலும் நின்றது. பெரியவர் நுனியை மட்டும், சொல்லப்போனால் தூசி தட்டுகிற மாதிரி, நான்கைந்து இடத்தில் எடுத்தார். "ஏழு வாரம் கழித்து வா." அவ்வளவுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விமர்சனம் ஆகாது. அன்று ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். முன்பதிவு கிடையாது, போன் எடுக்க மாட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட ஒன்றும் இல்லை, புத்தகமோ கலர் பென்சிலோ கொண்டுபோங்கள். கார் நிறுத்த நான்கு இடம்தான். அக்கா மகன் கை இன்னும் பழகவில்லை. அவனிடம் தாடி ஒதுக்கிக்கொண்டேன், ஒரு பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது. ஆனால் பெரியவர் எழுந்து வந்து சரிசெய்து கொடுத்தார். அவனைத் திட்டவில்லை. கையைப் பிடித்து, கத்தியின் கோணத்தைக் காட்டினார். அடுத்த முறையும் அவனிடமே உட்காரத் தயங்க மாட்டேன்.

பிறகு தென் கரோலைனாவை 27-25 என்று தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள், டென்னசியிடம் 24-17 என்று தோற்றார்கள். மிசௌரியை 34-0, எல்எஸ்யு என்ற லூசியானா ஸ்டேட்டை 42-13 என்று ஜெயித்தார்கள். ஊர் கொஞ்சம் மூச்சு விட்டது. நவம்பர் 23, சனிக்கிழமை, ஓக்லஹோமாவில் 24-3 என்று தோல்வி. டச்டவுன் ஒன்றுகூட இல்லை. 2011-இல் எல்எஸ்யுவிடம் 9-6 என்று தோற்ற பிறகு அதுவரை இப்படி நடந்ததே இல்லை.

அதற்கடுத்து, தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வாரத்துச் செவ்வாய், மூன்றாம் முறை போனோம். பெரியவர் டிவியை அணைத்து வைத்திருந்தார். அவர் முகத்தில் களைப்பு தெரிந்தது. லாரிக்காரர் இருந்தார், அவரும் பேசவில்லை. மூன்று தோல்வி என்று அக்கா மகன் ஆரம்பித்தான், அவனே நிறுத்திக்கொண்டான். நான் கேட்டேன், இப்போதும் பொறுக்க முடிகிறதா என்று. "வலிக்கிறது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வலிக்கிறது என்பதற்காக ஆளை விரட்ட முடியாது. அடுத்த வருடமும் தேர்டு டவுனில் இதேதான் என்றால் அப்போது பேசலாம்" என்றார். வாண்டர்பில்ட் வாரத்தில் இருந்த உறுதி அந்தக் குரலில் இல்லை. அவர் அதை மறைக்கவும் இல்லை. எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது அங்கேதான்.

பிறகு பையன் பக்கம் திரும்பினார். தண்ணீர் தெளித்து, உள்ளங்கையை உச்சியில் வைத்து, ஒரு நிமிடம் அப்படியே நின்றார். சுழி முடி இரண்டு அங்குலத்துக்கு மேல் வளர்ந்து, தன் கனத்திலேயே சாய ஆரம்பித்திருந்தது. வலச் சுழியை வலப்பக்கம், இடச் சுழியை இடப்பக்கம், அது எப்படிப் போகிறதோ அப்படியே சீவி, நடுவில் முட்டும் இடத்தில் மட்டும் கத்தரியின் முனையால் கனத்தைக் குறைத்தார். கிளிக், கிளிக் என்று ஒரு பதினைந்து முறை இருக்கும். பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டினார். பையன் கையை வைத்துத் தடவிப் பார்த்தான். மறுபடி தடவினான். மறுநாள் காலை எழுந்து வந்தபோதும் ஒரு முடி நிற்கவில்லை. அவன் தொப்பி வாசல் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: செவ்வாய் முதல் வெள்ளி வரை காலை எட்டு முதல் மாலை ஆறு. செவ்வாய் காலை கூட்டம் குறைவு, ஆனால் தோற்ற வாரத்தில் அப்படி இல்லை. பெரியவர் கையில்தான் வெட்ட வேண்டும் என்றால் உள்ளே நுழைந்ததும் சொல்லிவிடுங்கள். சில்லறை நோட்டாகக் கொண்டுபோங்கள். அந்த வாரச் சனிக்கிழமை ஆபர்ன் அணியோடு ஆட்டம் இங்கேதான் நடந்தது, மதியம் இரண்டரைக்கு. கடை பதினொரு மணி வரைதான் இருந்தது. பெரியவர் அரங்குக்குக் கிளம்பிவிட்டார்.